பொருத்துக

அரவேணுவில் உறைபனி இறங்கிவிட்டது.
சிவப்புப் பேனா எழுத மாட்டேன் என்கிறது.
உள்ளங்கையில் வைத்து உருட்டுகிறேன், ஊதுகிறேன்,
விடைக்குறிப்பின் ஓரத்தில் கிறுக்கிப் பார்க்கிறேன்.
அரையாண்டுத் தேர்வு, நான்காம் வகுப்பு, சமூக அறிவியல்.
இருபத்திரண்டு தாள்கள்.

இரண்டாம் கேள்வி நானே எழுதியது.
இடப்பக்கம் ஐந்து பண்டிகைகள்.
வலப்பக்கம் பிறை, குடில், அகல்விளக்கு,
போதிமரம், சமண முனிவரின் மயிற்பீலி.
பொருத்துக.
ஐந்து கோடு போட்டால் உலகம் முடிந்தது
என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

ஷமீரின் கோடு கிறிஸ்துமஸில் கிளம்பி
நேராகப் பிறைக்குப் போகிறது.
தப்புப் போடப் போன கை நின்றுவிட்டது.
அவன் அப்பாவுக்குப் பஸ் ஸ்டாண்டு பக்கம் பேக்கரி.
டிசம்பர் பிறந்தால் அந்த வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை.
பிளம் கேக் தட்டுகளை எண்ணிவிட்டு வந்து
முதல் பீரியடில் நோட்டின் மேலேயே கவிழ்ந்துவிடுவான்.
முடியெல்லாம் கிராம்பு வாசம்.
போடு, ஒரு மதிப்பெண்.

இந்தப் பிறைக்காகத்தான் போன வருஷம்
மொத்த வகுப்பும் மைதானத்தில் நின்றது.
மூடுபனி. எதிரே நின்ற மரமே தெரியவில்லை.
'தெரியுதா, தெரியுதா' என்று
ஜெபசீலிதான் எல்லோரையும்விடச் சத்தமாகக் கேட்டாள்.
மறுநாள் கணக்குப் பரீட்சை.

தீபாவளி ஏன் கொண்டாடப்படுகிறது?
நரகாசுரனை நான் அரை மணி நேரம் நடத்தினேன்.
சுகிர்தா எழுதியிருக்கிறாள்: 'போனஸ் போடுவதால்.'
கீழே பொடி எழுத்தில்,
'இந்த வருஷம் இருபது கேட்டாங்க, பத்துதான்.'
எஸ்டேட் ஆபீஸ் வாசலில் அவள் அம்மா நின்ற நாள்
எனக்கும் ஞாபகமிருக்கிறது.
அன்றைக்குத்தான் நரகாசுரன் பாடம்.

போஜன் கோடே போடவில்லை.
ஐந்துக்கும் கீழே ஆறாவதாக எழுதியிருக்கிறான்:
ஹெத்தை ஹப்பா.
கரும்பலகையில் நான் கட்டம் போட்ட அன்று,
மதம், நிறுவியவர், புனித நூல், வழிபாட்டிடம் என்று
நாலு கட்டம் போட்ட அன்று,
'எங்க ஹெத்தைக்குப் புக் இல்லையே டீச்சர்' என்றான்.
காலியாக விடு என்றேன்.
அவன் விடவில்லை.
வெள்ளைத் தாளில் வெள்ளைத் துணியை எப்படி வரைவது?
சுற்றிலும் பென்சிலால் கறுப்பாக்கி
நடுவில் துணியை மட்டும் விட்டிருக்கிறான்.
பின்பக்கம் வரை அழுந்திய கறுப்பு.
இதற்கு எத்தனை போடுவது என்று விடைக்குறிப்பில் இல்லை.

இவ்வளவு நேரமும் சிரித்துக்கொண்டுதான் திருத்தினேன்.
டீயை இரண்டு முறை சூடாக்கினேன்.
அறைத்தோழி எட்டிப் பார்த்து, என்ன ஜோக் என்றாள்.

பதினேழாவது தாள் துளசிமணியுடையது.
வீடு ஓடைக்கு அந்தப் பக்கம்.
எழுத்து எப்போதும் கோட்டைத் தொடாமல் மிதக்கும்.

ஏழாம் கேள்வி, ஒரு சொல்லில் விடையளி:
திருவிழாவின்போது கோயிலில் நாம் எப்படி நிற்க வேண்டும்?
விடைக்குறிப்பு சொல்கிறது: வரிசையாக.
துளசிமணி எழுதியிருக்கிறாள்:
வெளியே.

முதலில் கேள்வியைச் சரியாகப் படிக்கவில்லை என்று நினைத்தேன்.
பிறகு எழுத்தைப் பார்த்தேன்.
அடித்துத் திருத்தியது எதுவுமில்லை.
ரப்பர் தேய்த்த தடம் இல்லை.
மூன்று எழுத்து.
தெரிந்த விடையை எழுதுகிற பிள்ளையின் அழுத்தம்.

நான் உள்ளே நின்றே வளர்ந்தவள்.
அருப்புக்கோட்டையில் கருவறைப் படி வரைக்கும் போய்
இரண்டு கையிலும் தீபத்தை ஒற்றிக்கொண்டு வருவேன்.
திரும்பி வாசலைப் பார்த்ததாக நினைவில்லை.

இப்போது பேனா எழுதுகிறது.
கைச்சூட்டில் இளகி, தேவைக்கு மேலேயே ஒழுகுகிறது.
தாளில் ஒரு பொட்டு விழுந்துவிட்டது.
அது சரியுமில்லை, தப்புமில்லை.
தலைமையாசிரியர் காலையில் பட்டியல் கேட்பார்.

கேள்வியை அடித்தேன். துளசிமணியின் விடையை இல்லை,
என் கேள்வியை.
எல்லோருக்கும் ஒரு மதிப்பெண் என்று எழுதினேன்.
எழுதும்போதே வெட்கமாக இருந்தது,
சில்லறை கொடுத்து அனுப்புவது போல.

விடுமுறை முடிந்து வந்ததும் அவளைக் கேட்க வேண்டும்,
எந்தக் கோயில் என்று.
வெள்ளிக்கிழமை தவறாமல் நான் போகிற
அந்த மேட்டுக் கோயிலாக மட்டும் இருக்கக் கூடாது
என்று வேண்டிக்கொள்கிறேன்.

அதே சாமியிடம்.